கீழ்வீட்டுச் சாவி

கீழ்வீட்டில் ஷானன் மின்சார மீட்டருக்குள் சாவியைச் செருகிய அதே நொடியில், மேலே என் படுக்கையறை ஹீட்டர் 'டக்' என்று உயிர்பெற்றது. அப்படி நடந்தது அது மூன்றாவது தடவை. முதல் தடவை தற்செயல் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, நமக்குப் புரியாத சமாசாரம் என்று மூடிவைத்தேன். மூன்றாம் தடவை கோட்டும் கையுறையுமாக மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் தலையை விட்டு, அவள் கடையில் பணம் ஏற்றிவந்த அந்த நீல பிளாஸ்டிக் சாவியைச் செருகுவதைக் கண்ணால் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் ஹீட்டர் சத்தம் கேட்டது. "வந்துருச்சுடி தங்கம்!" என்றாள், இடுப்பிலிருந்த குழந்தையிடம். எனக்கும்தான் வந்திருந்தது.

வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான மோர்கேமில் கடலோரத் தெரு வீடுகளில் பாதி, ஒரு காலத்தில் கோடைக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டவை. எங்கள் வீடும் அப்படித்தான். பிறகு யாரோ பலகைத் தடுப்புகளை வைத்து அதை இரண்டு குடித்தனமாகப் பிரித்தார்கள். ஒயர்களைச் சரியாகப் பிரிக்கவில்லை. என் படுக்கையறை ஹீட்டரும் குளியலறை வெந்நீர்த் தொட்டியும் கீழ்வீட்டு மீட்டரில் ஓடின. பிற்பாடு வந்த எலக்ட்ரீஷியன் இதைச் சுவரில் படம் போட்டு விளக்கினார். ஆனால் அன்று படியில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் அன்று உருளைக்கிழங்கு மூடிச் சுட்ட மீன் 'பை'. கையில் அந்த வாசனைகூட இருந்தது.

வீட்டுக்காரர் ஹாலிவெல்லிடம் திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தது, கடுங்குளிரோடு. சொன்னால் முதல் கேள்வி, எத்தனை வருஷமாக என்பதாக இருக்கும். நான் அந்த வீட்டில் ஆறு வருடம், ஷானன் இரண்டு. அவளுக்கு முன்னால் இருந்தவர் ஒரு கிழவர். சாகும்வரை மின்சாரக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பாக்கியெல்லாம் என் தலையில் விழும். என் மீட்டரும் முன்பணம் போடுகிற மீட்டர்தான். பழைய கடனுக்காக ஒருமுறை என் வீட்டுக் கதவைத் திறக்கக் கோர்ட் தாளோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள், தெருவே பார்த்தது. இன்னொருமுறை அது வேண்டாம். இப்படியெல்லாம் காரணங்கள் வைத்திருந்தேன். எல்லாம் உண்மையான காரணங்கள். அவற்றுக்கு அடியில் ஒரே ஒரு காரணம் இருந்தது: அறை கதகதப்பாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ஹீட்டர் நின்றது. கீழே விளக்கில்லை. ஷானனுக்கு அரசாங்க உதவிப் பணம் திங்கட்கிழமைதான் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன். பிறகு பத்து பவுண்டு தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"இத வச்சு சாவில போட்டுக்கோ கண்ணு. குழந்தை இருக்கற வீடு."

அவள் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். இருபத்து மூன்று வயதுப் பெண். தலைமுடியில் குழந்தை சோப்பு வாசனை. "எங்கம்மாகூட இப்படி செஞ்சதில்ல, மேக்சீன்," என்றாள். அடுத்த வாரம் அந்தச் செய்தி எனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்தது. சாவியில் பணம் ஏற்றித்தரும் கடைக்காரி, ரொட்டியை என் பையில் வைத்துக்கொண்டே, "உன்ன மாதிரி ஒருத்தி மேல்வீட்ல இருந்தா போதும்டி, சொந்தக்காரங்களே வேணாம்," என்றாள். நான் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு அவள் என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்தாள். நான் வாரத்துக்குப் பதினைந்து பவுண்டு மின்சாரத்தில் ஓட்டுவது அவளுக்கு ஆச்சரியம். "எப்படித்தான் சமாளிக்கிறீங்க?" என்பாள். நானும் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிலில் ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் ஊற்று. டிவியைச் சுவர் சுவிட்சில் அணை. துணியை ஹீட்டர்மேல் காயப்போடாதே. அவள் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். மேலே 'மேக்சீன் சொன்னது' என்று தலைப்பு.

நவம்பரில் அவள் குழந்தை ஐவியைத் தூக்கிக்கொண்டு ஆக்ரிங்டனில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஒன்பது நாள் போனாள். போகும்போது மீட்டரில் முப்பது பவுண்டு இருந்தது. ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடியது. ஆறாம் நாள் காலை என் ஹீட்டர் நின்றது. சாவி அவளிடம். மூன்று நாள் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். பள்ளிவிட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் தள்ளுவண்டி தெருமுனையில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தவள் போட்ட சத்தம் எனக்கு மேலே கேட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டாள். விளக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் தினக் கட்டணம் என்று ஒன்றைக் கம்பெனி கழித்துக்கொள்ளும்; அதுதான் காரணம் என்றார்களாம்.

"ஒம்போது நாளுக்கு அது ஆறு பவுண்டுகூட வராது மேக்சீன். மிச்சத்த யாரு தின்னா? சும்மா பூட்டிக் கெடந்த வீடு!"

"திருட்டுப் பசங்க," என்றேன். "அவங்க எப்பவும் அப்படித்தான்."

நாக்கு கூசாமல் வந்தது அந்த வார்த்தை. எங்கள் தெருவில் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். கம்பெனியைத் திட்டுவது இங்கே வானிலையைப் பேசுவது மாதிரி. அவர்கள் ஆயிரம் பேரை ஏமாற்றியிருக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் திருடவில்லை. அது உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஷானன் விடவில்லை. கடிதம் எழுதினாள், மணிக்கணக்கில் போனில் காத்திருந்தாள், மீட்டரைச் சோதிக்க ஆள் அனுப்பச் சொன்னாள். மீட்டரில் தப்பில்லை என்றால் சோதனைச் செலவு அவள் தலையில் என்று எச்சரித்தார்கள். "பரவால்ல, வரட்டும்" என்றாள். ஆள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் என் கதவைத் தட்டினாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வராங்க. நீங்களும் கூட இருங்களேன். அவங்க பெரிய பெரிய வார்த்தையா பேசினா எனக்கு வாயே வராது. நீங்கன்னா நேரா பேசுவீங்க."

"வரேன் கண்ணு," என்றேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காலை பத்தே முக்காலுக்கு என் படுக்கையறை ஹீட்டரை அணைத்தேன். வெந்நீர்த் தொட்டியின் சுவிட்சையும் அணைத்தேன். அணைத்துவிட்டு, சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அதுவரை நான் செய்தது, சொல்லாமல் இருந்தது மட்டும்தான். இது வேறு. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. கார்டிகனைப் பொத்தான் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

வந்தவர் பக்கத்து ஊரான பிரஸ்டன்காரர், தொந்தி வைத்த நல்ல மனிதர். "டீ குடுத்தா மீட்டர் தானா சரியாயிடும்" என்று சிரித்தார். வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். ஷானன் ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கினாள். மூவரும் அலமாரிக்கு முன்னால் குனிந்து, மீட்டரில் இருந்த சிவப்பு விளக்குப் பொட்டைப் பார்த்தோம். மின்சாரம் ஓடினால் அது சிமிட்ட வேண்டும். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். சிமிட்டவில்லை. பிறகு தன் கருவியை மாட்டி, கெட்டிலைப் போட்டு, எண்களைக் குறித்துக்கொண்டார்.

"மீட்டர் ரொம்ப சுத்தம்மா. ஒரு குத்தமும் இல்ல."

"வேற எங்கயாவது போகுமா? ஒயர்ல, எங்கயாவது?"

"போனா இது சிமிட்டியிருக்கணுமே." அவர் என் பக்கம் திரும்பினார். "மேல யாரு இருக்கா?"

"நான்தான்."

"உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரி," என்றேன்.

ஷானன் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. "உங்களுக்கு வீண் அலைச்சல் குடுத்துட்டேன். என் தப்புதான் போல," என்றாள், காது சிவந்து. சோதனைச் செலவை ஒவ்வொரு வாரமும் சாவியில் ஏற்றும் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தேநீரை முழுதாகக் குடிக்காமலே கிளம்பினார்.

அன்றிலிருந்து நான் ஹீட்டரைப் போடவில்லை. சமையலறையில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன். கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி உடம்பு துடைத்துக்கொண்டேன். இனிமேல் இப்படியே இருந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாரும் எதையும் தோண்ட வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்டனையை நானே எழுதி நானே அனுபவிப்பதில் ஒரு சுகம்கூட இருந்தது. அது எட்டு நாள் நீடித்தது.

ஒன்பதாம் நாள், பள்ளிவிட்டு நான் வந்ததும், ஷானன் மேலே வந்தாள். கையில் துணி மூடிய தட்டு. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துச் சுட்ட 'பை', பாதி.

"மேக்சீன், கரண்டு செலவு பாதியா கொறஞ்சிருச்சு! நம்பவே முடியல. அந்தாள் போனப்பறம் நான் ஒண்ணு ஒண்ணா நிறுத்தினேன். ஐவிய வாரத்துக்கு ஒருநாள்தான் குளிப்பாட்றேன். சாயங்காலம் ஒரு ரூம்ல மட்டும் இருக்கோம், லைட்டு போடறதில்ல. அப்பறம்தான் புரிஞ்சுது, இத்தன நாளும் நான்தான் அள்ளி எறிஞ்சிருக்கேன். நீங்க சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல." அவள் தட்டை நீட்டினாள். "எங்கம்மா சொல்றது சரிதான். எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியல."

ஐவி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். அவள் கழுத்து மடிப்பில் அழுக்கு ஒரு கோடாக இருந்தது.

"உனக்குத் தெரியும் ஷானன்," என்றேன். "உனக்கு எல்லாம் தெரியும். நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஹீட்டரைக் காட்டினேன். வெந்நீர்த் தொட்டியைக் காட்டினேன். சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவது மாதிரி இருந்தது. மீட்டரைச் சோதித்த அன்று காலை அணைத்துவிட்டு இறங்கியதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்க முடியும். அப்படி ஒரு வழி இருந்தது என் மனதில் ஓடாமல் இல்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜனவரிலேர்ந்து."

அவள் உதடு அசைந்தது. மாதங்களை எண்ணுகிறாள் என்று நினைத்தேன். எண்ணியது வேறு.

"அந்தப் பத்து பவுண்டு," என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"நான் அத ஊரெல்லாம் சொன்னேன்." அவள் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது. நான் கூச வேண்டியதற்கு அவள் கூசினாள். "கடைல சொன்னேன். எங்கம்மாட்ட சொன்னேன், பாரு, மேல்வீட்டுக்காரங்க உன்னவிடப் பாசமா இருக்காங்கன்னு. ஐவி நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரில கெடந்தாளே, அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குக் காரட் சூப்பு கொண்டுவந்து குடுத்தீங்க."

"ஆமா."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். படியில் நின்று, திரும்பாமலே, "கீழ வாங்க," என்றாள்.

அவள் சமையலறையில் வெளிச்சம் இல்லை, மேசைமேல் போனின் வெளிச்சம் மட்டும். கம்பெனி எண்ணை மனப்பாடமாக அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, என் பக்கம் தள்ளினாள். "நீங்களே சொல்லுங்க. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். என்ன யாரும் நம்பல." உட்காரச் சொல்லவில்லை, நான் உட்காரவில்லை. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது பதிவுக் குரல். இருபத்தாறு பேர் உங்களுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்றது. பிறகு இசை தொடங்கியது, பியானோவும் சலங்கையும் கலந்த ஏதோ ஒன்று.

ஐவிக்கு அந்த இசை நன்றாகப் பழக்கம் போலிருக்கிறது. கேட்டதும் அம்மா மடியிலிருந்து நழுவி இறங்கி, காலுறை போட்ட பாதங்களால் தரையில் ஆடத் தொடங்கினாள். முட்டி மடக்கி, எழுந்து, முட்டி மடக்கி. ஷானன் அவளைத் தடுக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது பேர் என்றது போன். குழந்தை ஆடிக்கொண்டே மேசையைச் சுற்றி என்னிடம் வந்து, பிசுபிசுத்த கையை மேலே நீட்டி, விரல்களை விரித்து நின்றது.