எரிக் தேடிப் போன மாடு

1

“தொப்பி எங்க வெச்ச, ஃப்ளோரா?”

“மாடு புடிக்கத் தொப்பி எதுக்கு? மாட்டுக்கு சலாம் போடவா?”

எரிக் சிரித்தான். ஆணியில் தொங்கிய கௌபாய் தொப்பியை எடுத்துக்கொண்டான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் மாடு, மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் வேலிக்குள் புகுந்துவிட்டிருந்தது.

இந்தக் கதை அந்தச் சிரிப்பில் பிறந்தது என்று சொல்ல ஆசை. பொய். ஒரு பாட்டின் மேல் வந்த ஆத்திரத்தில் பிறந்தது. ஃப்ளோரா நான்தான், எரிக்கின் மனைவி. ‘நான்’ என்று எழுதினால் பேனா தாளைக் கிழிக்கிறது. ஆகவே இனி ஃப்ளோரா.

2

முதலில் எழுதிய தொடக்கம்: சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் பின்னால் சூரியன் சாய, தன்னந்தனியாக ஒரு வீரன்...

(அடித்துவிட்டேன். நடந்தது காலை பத்தரைக்கு.)

காவலாளி துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி விரட்டினான். எரிக் ஓடினான். காலடியில் மண் உள்வாங்கிவிட்டது. பிணமாகத்தான் எடுத்தார்கள். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டது இது: தங்க மண் திருட வந்தவன், கைப்பற்றியவை, கயிறு ஒன்று, தொப்பி ஒன்று.*

ஜெயம்மா போய் மாட்டைப் பற்றிச் சொன்னாள். மாடு அதற்குள் தானாகவே வீடு திரும்பியிருந்தது. யாரும் நம்பவில்லை.

* கௌபாய் படங்களில் மாடு மேய்ப்பவன், கொள்ளைக்காரன், ஷெரீப் மூவருக்கும் ஒரே மாதிரித் தொப்பிதான். எவன் யார் என்பதை எழுதுகிறவன் முடிவு செய்கிறான்.

3

எங்கள் ஊரில் செத்தவனைப் பெரிய ஆளாக்கித்தான் அனுப்பிவைப்போம். அடக்கத்தன்று மேளம் தட்டிப் பாடியவன் ரூபேஷ். எரிக்கோடு உட்கார்ந்து எல்லாக் கௌபாய் படங்களையும் பார்த்தவன்.

தங்கம் எடுக்கப் போனான் எங்க எரிக்கு
தடுக்க இங்க எவனுக்குத் தில் இருக்கு!

பாட்டில் குதிரைகூட உண்டு. எரிக் ஓட்டியதெல்லாம் சைக்கிள். பாட்டு போனுக்குப் போன் தாவி, ராபர்ட்சன்பேட்டை ஆட்டோக்களில் ஏறிவிட்டது. ‘திருட வந்தவன்’ என்பதை அடித்து நீக்கச் சொல்லி ஃப்ளோரா மனுவோடு நின்றபோது, இன்ஸ்பெக்டர் அந்தப் பாட்டையே போனில் போட்டுக் காட்டினார்.

“உங்க ஜனமே பாடுதேம்மா. நான் இன்னா பண்றது?”

4

அங்கிருந்து நேராக ரூபேஷ் வீடு.

“அவர இன்னான்னு பாடி வெச்சிருக்க?”

“ஹீரோன்னு, அண்ணி. படத்துல கொள்ளைக்காரன்தானே ஹீரோ?”

“மாடு தேடிப் போனார்னு பாடு.”

“மாடுன்னா எவன் அண்ணி கை தட்டுவான்?”

(இங்கே அவனை அறைந்ததாக எழுதியிருந்தேன். அறையவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். பாசத்தில் செய்தவனை எங்கே அடிப்பது? அதுதான் இன்னும் எரிகிறது.)

5

முடிவு ஒன்று: ரூபேஷ் பாட்டை மாற்றுகிறான். (மாற்றவில்லை.)

முடிவு இரண்டு: ஃப்ளோரா குதிரையில் போய்க் காவல் நிலையக் கதவை உதைத்து...

வேண்டாம். இன்னொரு குதிரையைத் தாங்க மாட்டேன்.

முடிவு உங்களிடம். அந்தப் பாட்டு உங்கள் காதில் விழுந்தால், ‘தங்கம் எடுக்க’ என்று வரும் இடத்தில் ‘மாட்டைத் தேடி’ என்று உரக்கப் பாடுங்கள். கை தட்டமாட்டார்கள். பாடுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெயம்மாவின் மாடு கழுநீர் குடிக்க ஃப்ளோராவின் வாசலில் வந்து நிற்கிறது. எப்போதும் போல.