மஞ்சள் பெட்டி

விடியும் முன் எழுகிறேன். பாயைச் சுருட்டுகிறேன். மழைத்தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்கிறேன். சீருடை. பஸ். பேஷோ படகுத்துறை.

எனக்குக் கடல் போலீஸ் வேலை. எங்கள் தீவைச் சுற்றியுள்ள பாறைத்திட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு படகிலும் மிதவை அங்கி, குடிதண்ணீர், மஞ்சள் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்துவிடும். பெட்டி இல்லாத படகைத் தேடிப் போனால் தண்ணீரைத்தான் பார்க்கலாம். போன வருடம் என் மனைவி தெரெயாவை அப்படித்தான் தேடினோம்.

இன்று அவளுடைய அண்ணன் கபுவா அபையாங் தீவுக்குக் கிளம்பி நின்றார். மனைவி, பிள்ளைகள், அரிசி மூட்டை, கூண்டில் ஒரு பன்றிக்குட்டி. பெட்டி மட்டும் இல்லை. நேற்று சித்தப்பா மகன் கேட்டாராம், கொடுத்துவிட்டாராம். எங்களிடம் இது புதிதல்ல. சொந்தக்காரர் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்பதில்லை. இப்படிக் கேட்பதைப் புபுசி என்போம். அதில் படகே கைமாறியிருக்கிறது.

போக முடியாது என்றேன். எஞ்சின் புதிது, கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேருவேன் என்று சிரித்தார். வெளியே மேற்குக் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. எஞ்சினிலிருந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

சிரிப்பு நின்றது. துறையே திரும்பிப் பார்த்தது.

"மச்சான், உன்கிட்ட கேக்குறேன். அந்தக் குழாயைக் குடு."

கேட்டேவிட்டார்.

"தரமாட்டேன்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவர் மனைவி தலையைக் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள்.

"சட்டையில பட்டை குத்தினதும் சொந்தம் மறந்துபோச்சா? என் தங்கச்சி இருந்தா இல்லேன்னு சொல்லியிருப்பாளா?"

"மாட்டா," என்றேன்.

அவர் மூட்டையை இறக்கினார். பன்றிக்குட்டி கத்தியது. நான் குழாயோடு நின்றேன். எதைச் சொன்னால் அவர் வாயடைத்துப் போவார் என்பது எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

போன வருடம் அன்று நடுக்கடலில் படகின் எஞ்சின் நின்றதும் தெரெயா வயர்லெஸ்ஸில் என்னைக் கூப்பிட்டாள். பாட்டரி தீரப்போவது அவளுக்கும் தெரியும். பெட்டியை அழுத்து, அழுத்து என்று நான் கத்தினேன்.

"அண்ணன் கேட்டாரு, குடுத்துட்டேன். என்கிட்ட இன்னொண்ணு இருக்குன்னு சொல்லித்தான் குடுத்தேன். அவரு அப்படியே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."