எழுப்பாமல் விட்ட தம்பி

ரஞ்சனி "கட்" சொன்னதும் கோயில் திடலில் எல்லோரும் கைதட்டினார்கள். காளியப்பன் தட்டவில்லை. உடுக்கையைப் பிடித்த கை இறங்க மறுத்தது.

உடுக்கை அடித்துப் பாடும் பழைய கதைகளை அழியுமுன் ஆவணப்படமாக எடுத்து வைக்க, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்தவள் ரஞ்சனி. காளியப்பன் கோழிப்பண்ணையில் முட்டை லோடு ஏற்றுகிறவன். நோம்பி, திருவிழா வந்தால் உடுக்கையடித்துக் கதை படிப்பான். கதையில் செத்து விழும் வீரனாகப் படுப்பது அவன் தம்பி பூபதி, போர்வெல் போடும் ரிக் வண்டி டிரைவர். காளியப்பன் பாடி மூன்று முறை தண்ணீர் தெளித்த பிறகுதான் வீரன் எழ வேண்டும். எழுப்பாமல் உடுக்கையை உறையில் போட்டால் படுத்தவனுக்கு ஆகாது.

ரஞ்சனியோ காலை வெயில் நன்றாயிருக்கிறதென்று எழுப்புகிற பாட்டை முதலில் எடுத்தாள். சாவை மதியம் எடுத்தாள். காளியப்பனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டான்.

"அம்மிணி, இவனை எழுப்போணுமுங்க."

"அதான் காலைலயே எழுப்பிட்டீங்களேண்ணா. எடிட்டிங்ல மாத்திப் போட்டா படத்துல சரியா வந்துரும்."

"படத்துல வந்துருமுங்க. இவனுக்கு?"

பூபதி அதற்குள் எழுந்து மண்ணைத் தட்டி, சட்டையை மாட்டிவிட்டான். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்ப வேண்டும். ஓனர் நான்கு தடவை கூப்பிட்டாயிற்று.

"போண்ணா, பொணமா நானு? பொணம் பிரியாணி திங்குமா?" பைக்கை முறுக்கிக்கொண்டு போனான்.

காளியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரோடு. தூக்கமில்லாமல் ஓட்டுகிற பயல். போன் போட்டால் எடுக்கவில்லை. கையைக் கழுவாமல் உடுக்கையைத் தூக்கிக்கொண்டு ரஞ்சனியின் காரில் ஏறி உட்கார்ந்தான்.

"உங்களாலதான் ஆச்சு. எடுக்கச் சொல்லுங்க வண்டிய."

திருச்செங்கோடு பைபாஸ் டீக்கடை முன்னால் ரிக் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பூபதி ஒரு காலைப் படியில் வைத்திருந்தான்.

"எறங்குடா. படு."

"எங்க, ரோட்டுலயா?" வண்டி ஆட்கள் சிரித்தார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்தவன் மறுபேச்சில்லாமல் கடை பெஞ்சில் மல்லாந்தான்.

இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பாட வேண்டியிருந்தது. காளியப்பன் டீக்கடைச் சொம்பிலிருந்து தண்ணீரை அள்ளித் தெளித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது தண்ணீர் முகத்தில் விழுந்து காதோரம் வழிந்தது. பூபதி அசையவில்லை.

"டேய்."

அசையவில்லை. காளியப்பனின் பாட்டு நின்றது. உடுக்கை அடி தப்பியது. உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம்பியின் காலைப் பிடித்து உலுக்கினான். "எந்திரி சாமி. எந்திரிச்சுரு சாமி."

ஒரு கண் திறந்தது. "நல்லாத்தான பாடுன, ஏன் நிறுத்திட்ட?"

காளியப்பன் விட்ட அறையில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் ரஞ்சனி காரிலிருந்து காமிராவோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. "அண்ணா, இதுதாண்ணா வேணும்! மைக் மாட்டறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு தடவ, மறுபடி படுக்கச் சொல்லுங்களேன்."

கன்னத்தைத் தடவிக்கொண்டே பூபதி பெஞ்சில் சாயப் போனான். காளியப்பன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, கேபினுக்குள் தள்ளி, கதவை அறைந்து சாத்தினான்.

"எடுறா வண்டிய!"

வண்டி வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான் உறையைத் தேடினான்.