முந்தைய மாத விலை

கடைத்தெருவில் அவளுக்கு ஒரே பெயர்தான், விலையக்கா. புள்ளிவிவர அலுவலகத்தில் விலை சேகரிக்கும் வேலை. மாதத்தின் முதல் பத்து நாளும் கையில் படிவம் செருகிய அட்டையும் பேனாவுமாகக் கடை கடையாக ஏறி இறங்குவாள். ரொட்டி, எண்ணெய், சோப்பு, குடை, பற்பசை, தலைவலி மாத்திரை என்று நூற்றறுபது சாமான்களுக்கு அன்றைய விலை என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாள். அவளைவிடப் பத்து வயது மூத்த கடைக்காரர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நாடு நன்றாக இருந்தது. நன்றாக என்றால், கேட்கக் கேட்க வாய் பிளக்கும் அளவுக்கு நன்றாக. மண்ணைத் தோண்டினால் செம்பு வந்தது, செம்பைக் கப்பலில் ஏற்றினால் திரும்பி வரும் கப்பலில் மற்றதெல்லாம் வந்தது. தைக்கிற ஊசியும் வெளிநாடு, நூலும் வெளிநாடு. இங்கேயே எதையாவது செய்து பார்க்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். விலையக்காவும் சிரித்தவள்தான், அதை மறைப்பதற்கில்லை.

வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம் ஆஸ்பத்திரித் தெரு ரொட்டிக் கடையில் கூரை மாற்றினார்கள். கடை பூட்டியிருந்தது. விலை எழுதும் இடத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை அனுப்பினாள். தலைமை அலுவலகத்திலிருந்து சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காலி இடம் கூடாதாம். வெயிலில் மறுபடி போனாள், பூட்டு. மூன்றாம் முறை போனாள், அப்போதும் பூட்டு. கால் வலி தாங்காமல் முந்தைய மாத விலையையே எழுதிக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டு விசாரித்தார். கூரை போட்டு முடித்தாலும் அதே விலைக்குத்தானே விற்கப் போகிறார்கள் என்று அவள் சொன்னாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது: சாமான் கிடைக்காவிட்டால் முந்தைய மாத விலையை எழுதவும். நாடு முழுக்க எல்லா மாவட்டத்துக்கும் போயிற்று. அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அன்று வீட்டில் தம்பி அவளை அம்மா நாற்காலியில் உட்காரவைத்து, பிரதமரிடம் பேசுவதுபோல் கை கட்டிப் பேசிக் கேலி செய்தான்.

பல வருஷம் அந்த விதியால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எப்போதோ ஒரு கடை பூட்டியிருக்கும், எப்போதோ ஒரு சாமான் தீர்ந்திருக்கும். அவ்வளவுதான்.

அப்புறம் செம்பின் விலை உலகம் முழுக்கச் சரிந்தது. மேலே இருந்தவர்கள் செலவைக் குறைக்கவில்லை. குறைத்தால் ஓட்டுப் போய்விடும். நோட்டை அச்சடித்தார்கள். விலை ஏறியதும், ஏற்றினால் சிறை என்று ஒரு சட்டம் போட்டார்கள். கடைக்காரன் வாங்கும் விலையே விற்கச் சொன்ன விலையைவிட அதிகமானால் அவன் என்ன செய்வான்? விற்பதை நிறுத்தினான். முதலில் முட்டை போயிற்று, அப்புறம் எண்ணெய், அப்புறம் சோப்பு. கடைத் தட்டுகள் துடைத்துவிட்டதுபோல் ஆயின. ஆனால் விலையக்காவின் படிவத்தில் மட்டும் ஒரு காலி இடம் கிடையாது. நூற்றறுபதில் தொண்ணூற்று நாலு சாமான்களை அவள் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எல்லாவற்றுக்கும் முந்தைய மாத விலை. அந்த மாதத்துக்கு அதற்கு முந்தைய மாத விலை. நாடு முழுக்க அவளைப் போல முன்னூறு பேர் உட்கார்ந்து இதையே செய்துகொண்டிருந்தார்கள்.

மாதா மாதம் மந்திரி தொலைக்காட்சியில் வந்து, இந்த மாதமும் விலைவாசி ஏறவில்லை என்று படிப்பார். பாவி, பொய்கூடச் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் படித்தார், அதை நம்பவும் செய்தார். விலை ஏறாததால் சம்பளத்தை ஏற்றவில்லை. விலை ஏறாத நாட்டில் ரொட்டி கேட்டுக் கூட்டம் போடுகிறவன் எதிரியின் கைக்கூலி என்று சொல்லித் தடியால் அடித்தார்கள். கைக்கூலிகள் அடங்கும்வரை தேர்தல் வேண்டாம் என்று அதையும் தள்ளிவைத்தார்கள். விலையக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் வேலையைத் தான் சரியாகச் செய்வதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் அவளும் தம்பியும்தான். தம்பிக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. அம்மா சாகும்போது அவனை இவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டு, பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றபடியே வேலை பார்த்தவன். ஒரு நாள்கூட விழுந்ததில்லை. அந்த மாத்திரை கடைகளில் மறைந்து பதினோரு மாதம் ஆயிற்று. சேர்த்து வைத்திருந்ததைப் பாதியாக உடைத்தார்கள். பிறகு பாதி மாத்திரையையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கினார்கள். ஓடுகிற பஸ்ஸில் விழுந்தான், வேலை போயிற்று. குளியலறையில் விழுந்தான், புருவம் கிழிந்தது. இப்போதெல்லாம் குளிக்கும்போதும் கதவைத் தாழ் போடக் கூடாது என்று அவள் உத்தரவு. நாற்பத்தோரு வயது ஆண்பிள்ளை அக்காவுக்கு முன்னால் அப்படிக் கூனிக் குறுகி நிற்கும்போது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த மாதம் மிச்சம் எட்டு மாத்திரை. அவள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தம்பி பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். அவனுடைய மாத்திரைக்கும் ஒரு வரி இருந்தது. நூற்று முப்பத்தேழாவது.

"அக்கா, இவ்வளவு சல்லிசா எழுதியிருக்கியே. அந்த விலைக்கே நாலு அட்டை வாங்கிட்டு வாயேன்" என்றான்.

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், இந்த மாத்திரையை ஏன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவில்லை என்று கேட்டாள். அவரை அலுவலகத்தில் சிவப்பு மை என்பார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். கையில் இருக்கும் கொஞ்சம் வெளிநாட்டுப் பணத்தை எந்தச் சாமானுக்கு ஒதுக்குவது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே கூட்டம் நடக்கிறது. அவர்கள் பார்ப்பது இந்த விலைப் பட்டியலைத்தான். எதன் விலை ஏறுகிறதோ அதற்குத் தட்டுப்பாடு, பணம் ஒதுக்குவார்கள். எதன் விலை ஏறவில்லையோ அது வேண்டிய அளவு இருக்கிறது என்று அர்த்தம்.

விலையக்கா பழைய படிவங்களை எடுத்துப் புரட்டினாள். பதினோரு மாதமாக அந்த மாத்திரையின் விலை ஒரு காசு ஏறவில்லை. ஏறவிடாமல் எழுதியது அவள் கை.

அன்று மாலை புதுப் படிவம் எடுத்து, தொண்ணூற்று நாலு இடத்திலும் "இல்லை" என்று எழுதினாள். எழுத எழுத ஒரு வெறி வந்தது. வேலை போனால் போகட்டும் என்று காலையில் சிவப்பு மையின் மேஜையில் வைத்தாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்காரவைத்து, முட்டைக்கு நேரே "இல்லை" என்று தட்டிக் காட்டினார். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு தானே முந்தைய மாத விலையைப் போட்டுக்கொண்டது.

"நீங்க எழுதலைன்னா அதுவே எழுதிக்கும்மா" என்றார். "இல்லைங்கிறது அதுக்குப் புரியாது. ஒரு எண் வேணும். யாராவது எங்கயாவது நிஜமா வித்த விலை, கடை நம்பரோட. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொண்டு வாங்க, நானே கூட்டத்துப் பட்டியல்ல ஏத்திடறேன்."

அதனால் அவருக்கு ஏதாவது வந்துவிடாதா என்று அவள் தயங்கினாள். இரண்டு மாதத்தில் எப்படியும் வீட்டுக்குப் போகிறவனை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று அவர் கையை உதறினார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்ய முன்வந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று புதன்கிழமை. அவள் சுற்றில் ஏழு மருந்துக் கடைகள். புதன் அன்று மூன்று, வியாழன் அன்று மூன்று. ஆறு பேரும் கையை விரித்தார்கள். வெள்ளி காலை ஏழாவது கடைக்குப் போனாள். சந்தை மூலையில் இருந்த கடை. தம்பிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து மாத்திரை கொடுத்தவர் அந்தக் கடைக்காரர். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அவள் புருவத்தில் போட்ட தையலைப் பற்றிச் சொன்னாள். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். கீழ் இழுப்பறையில், பழைய செய்தித்தாளுக்கு அடியிலிருந்து, ஆறு அட்டை மாத்திரையை எடுத்து வைத்தார். எல்லை தாண்டி வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் வந்ததாம். விலை, படிவத்தில் இருப்பதைப் போல நாற்பது மடங்கு.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் தம்பியை நினைத்து. அடுத்த நிமிஷம், இதோ அந்த எண் என்று நினைத்து. நாற்பது மடங்கு. இதைப் பட்டியலில் ஏற்றினால் அந்தக் கூட்டத்தில் எந்தத் தூங்குமூஞ்சியும் விழித்துக்கொள்ளும். கப்பலில் மாத்திரை வரும், எல்லாக் கடைக்கும் வரும். கை தானாகப் பேனாவைத் திறந்தது.

"அக்கா, பேனாவை மூடுங்க" என்றார் கடைக்காரர்.

சிவப்பு மை சொன்னதையெல்லாம் அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த வரியின் ஓரத்தில் இருந்த கடை எண் பெட்டியை விரலால் தொட்டுக் காட்டினார். படிவத்தின் ஒரு பிரதி விலைக் கட்டுப்பாட்டுப் போலீசுக்குப் போகிறது என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த முட்டைக்காரர் இப்போது கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார். விலை சேகரிக்கப் புதிதாக வந்த ஒரு பெண் அவர் விற்ற விலையை நேர்மையாக எழுதிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. கடை எண் இல்லாமல் எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்காது. வேறு கடை எண்ணைப் போட்டால், அந்தக் கடைக்காரன் உள்ளே போவான்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கக்கா. நீங்க எழுதறதா இருந்தா எங்கிட்ட மாத்திரை இல்லை, இதை இப்பவே சாக்கடையில போடறேன். எழுதலைன்னா ஆறும் தம்பிக்கு. காசு கையில வரும்போது குடுங்க, நான் கேக்க மாட்டேன்."

ஆறு அட்டை என்றால் முழு அளவில் ஒரு மாதம். எழுதினால், கூட்டம் நடந்து, பணம் ஒதுக்கி, கப்பல் வந்து சேர எத்தனை மாதம் ஆகும், வருமா வராதா, யாருக்கும் தெரியாது. வீட்டில் மிச்சம் ஏழு மாத்திரை. முந்தின நாள் மாலை அவன் கையில் டம்ளர் நடுங்கியதை அவள் பார்த்திருந்தாள். கடைக்காரர் கெட்டவர் இல்லை. அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. இந்த முன்னூறு பேரும் இப்படித்தான் ஒவ்வொரு கடையிலும் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது. அது ஆறுதலாக இல்லை, அருவருப்பாக இருந்தது.

நூற்று முப்பத்தேழாவது வரியில் முந்தைய மாத விலையை எழுதினாள். கடைக்காரர் தன் முத்திரையைக் குத்தினார். ஆறு அட்டையையும் கைப்பையின் அடியில் போட்டு, மேலே கைக்குட்டையை வைத்து மூடினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் ஷட்டரை ஏற்றினார்.

வெளியே ஒரு இளம்பெண் காத்துக்கொண்டிருந்தாள். தூசி படிந்த செருப்பு, கையில் வியர்வையில் நனைந்த மருந்துச் சீட்டு. ஆறு வயது மகளுக்காம். அதே மாத்திரை. இது ஒன்பதாவது கடை என்றாள்.

"இல்லைம்மா" என்றார் கடைக்காரர்.

விலையக்காவின் கை பைமேல் இருந்தது. ஒரே ஒரு அட்டை, ஐந்து நாள். அவள் விரல் பையின் கொக்கிவரை போயிற்று. குளியலறைத் தரையில் கிடந்த தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்தது. கொக்கியை அவள் திறக்கவில்லை.

அந்தப் பெண் போகத் திரும்பினவள், விலையக்கா கையிலிருந்த படிவத்தையும் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையையும் பார்த்து நின்றாள். அரசாங்கத்து ஆளா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள் விலையக்கா.

"இந்த மாத்திரை எங்கயும் கிடைக்கலைன்னு எழுதுங்கம்மா. நீங்க எழுதினாத்தானே மேல இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"எழுதிட்டேம்மா" என்றாள் விலையக்கா.

அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிவிட்டு, அடுத்த கடை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.