ஆஃப் ஆகாத புத்தக அலமாரி

என் லேப்டாப்பை யாராவது திருடிக்கொண்டு போனால் நான் போலீசுக்குப் போக மாட்டேன். திருடனைத் தேடிப்போய் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அது. அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு சாத்தூரிலிருந்து எங்கள் ஊர் அச்சங்குளம் வரைக்கும் பஸ்ஸில் வந்தபோது எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது பேட்டரி செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி இருட்டு. சில எழுத்துகளை ஓங்கிக் குத்தினால்தான் விழும். ஆன் பண்ணிவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போது தயாராக இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் எனக்கு இன்டர்வியூ வந்தது. மதுரையில் ஒரு கம்பெனி. கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள். அதை வாங்கிய கடைக்காரர்கள் சந்தேகம் கேட்டு போன் பண்ணுவார்கள், பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கலாம். டிகிரி முடித்து நான் விண்ணப்பம் போட்ட இடங்களில் திரும்பிப் பார்த்தது இந்த ஒரு கம்பெனிதான். இதுவும் போனால், அம்மா வேலை பார்க்கிற பட்டாசு ஃபாக்டரிக்கே நானும் போய்விடலாம் என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "அந்த கேட்டுக்குள்ள நீ கால் வையி, அன்னைக்கோட நான் சோறு திங்கிறத விட்டுருதேன்."

என் அம்மா அய்யம்மாள் சொன்னால் செய்கிற ஆள். அதனால் அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

கம்பெனியிலிருந்து வந்த மெயிலில் இரண்டு நிபந்தனைகள். ஸ்கிரீனைப் பகிர்ந்து ஒரு டெஸ்ட் எழுத வேண்டியிருப்பதால் போனில் வரக்கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும். பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் வெறுமையான பின்னணி எங்கே இருக்கிறது? இருப்பது ஒரே அறை. லாரியில் லோடு ஏற்றிப்போகிற அப்பா வாரத்தில் பாதி நாள் வெளியூர். மீதி நாள் மூன்று பேரும், எங்கள் சட்டிபானையும், துணிமணியும், கேஸ் அடுப்பும் அந்த ஒரே அறையில். வேலை செய்கிற பிளக் பாயிண்ட் வாசலை ஒட்டி இருக்கிறது. லேப்டாப் ஒயருக்கு அதைவிட்டு நகர முடியாது. அங்கே உட்கார்ந்தால் என் முதுகுக்குப் பின்னால் அடுப்பும், கொடியில் காயும் துணியும், அப்புறம் அந்தச் சுவரும் தெரியும்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஃபாக்டரியிலிருந்து வந்ததும் குளிக்கப் போவதற்கு முன்னால் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சுவரில் சாய்ந்து ஒரு டீ குடிப்பாள். கைகால் கழுவிவிட்டுத்தான் வருவாள். ஆனாலும் சேலைக்கு மேலே போட்ட சட்டையிலும் முடியிலும் பட்டாசு மருந்துப் பவுடர் மிச்சம் இருக்கும். வருஷக்கணக்காக அப்படிச் சாய்ந்து சாய்ந்து, வெள்ளையடித்த சுவரில் தலையும் முதுகுமாக ஒரு சாம்பல் உருவம் படிந்துவிட்டது. வெயில் படும்போது மினுங்கும். பொங்கலுக்கு அதன்மேல் வெள்ளையடித்தாலும் தை முடிவதற்குள் திரும்ப வந்துவிடும். எனக்கு அதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும். காலேஜ் தோழிகளை வீட்டுக்கு அழைக்காததற்கு அந்தச் சுவர்தான் காரணம்.

சரி, மங்கலாக்கலாம் என்று போனால் அந்தப் பட்டன் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை. சாஃப்ட்வேரைப் புதுப்பித்துப் பார்த்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பழைய பட்டன்கள் நாலைந்து இடம் மாறியிருந்தன, நான் கேட்டது மட்டும் வரவில்லை. உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். 'உங்கள் கணினி இந்த வசதிக்கு ஏற்றதல்ல. புதிய கணினிக்கு மாறுங்கள்' என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு. புதிய கணினிக்கு மாறத்தானே ஐயா நான் வேலை தேடுகிறேன்!

"இம்புட்டுப் பெரிய மிஷினுக்கு, பின்னால இருக்கத மறைக்கத் தெரியாதா?" என்றாள் அம்மா. "என் கல்யாணச் சேலையத் தொங்கவிடு."

தொங்கவிட்டுப் பார்த்தோம். சடங்கு வீட்டு மேடையில் நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அவிழ்த்துவிட்டோம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கறி எடுத்துக்கொண்டு முனியராஜ் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மிஷின்மேன். நான் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

"ஏ மருமகளே, நம்ம ஊருல பேப்பருக்கா பஞ்சம்? எம்புட்டு அகலம் வேணும், அத மட்டும் சொல்லு."

மறுநாள் சாயங்காலம் பைக்கில் ஒரு பெரிய சுருளோடு வந்தார். ஏதோ ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு அடித்த சுவரொட்டி. நாலு ஷீட்டை ஒட்டினால் ஒரு அறை. ஆள் உயரப் புத்தக அலமாரி, பூந்தொட்டி, ஜன்னலுக்கு வெளியே மரம். கலர் கொஞ்சம் சிவந்துபோனதால் ஆர்டர் கொடுத்த பார்ட்டி வேண்டாம் என்று ஒதுக்கியதாம். அடியில் 'ஆடித் தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் இருந்ததை மடித்து ஒட்டினார். அறைக்குக் குறுக்கே கொடியைக் கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். கேமராவில் பார்த்தேன். நம்பவே முடியவில்லை. ஏதோ கலெக்டர் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தேன்.

"கம்ப்யூட்டரு செய்யாதத எங்க மிஷினு செஞ்சிருச்சு பாத்தியா" என்று மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

இன்டர்வியூ புதன்கிழமை மத்தியானம். தாள் ஆடக்கூடாது என்று ஃபேனை நிறுத்தியிருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள், அப்பா கேரளாவில். எல்லாம் கச்சிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வானம் கருத்தது. மேகம் திரண்டு இடி கேட்டால் எந்த ஃபாக்டரியிலும் வேலையை நிறுத்தி ஆளை அனுப்பிவிடுவார்கள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

தொப்பலாக நனைந்து அம்மா உள்ளே வந்ததும், லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்ததும் ஒன்றாக நடந்தது. "துணிய மாத்திட்டுப் போயிருதேன் புள்ள" என்று தாளுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் அழைப்பை எடுத்துவிட்டேன். இனி அவள் வெளியே போக வேண்டுமானால் கேமராவுக்கு முன்னால்தான் போக வேண்டும். தாளுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

திரையில் இரண்டு பேர். யோகேஸ்வரி மேடம் ஆள் எடுக்கிற பிரிவு, ராஜபாண்டியன் சார் டெக்னிக்கல். பெயர், ஊர், படிப்பு என்று கேட்டார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேடம் இரண்டு தடவை தலையாட்டினார். கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

"சரிம்மா, இப்ப டெஸ்ட். டெஸ்ட் நேரத்துல ரூம் தெரியணும், அது எங்க ரூல். உங்க பேக்ரவுண்ட் நல்லாருக்கு, ஆனா ஆஃப் பண்ணிடுங்க" என்றார் ராஜபாண்டியன் சார்.

"அது... ஆஃப் ஆகாது சார்."

"ஆகும்மா. கேமரா படத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கும் பாருங்க. அதுல போனா, 'எதுவும் வேண்டாம்'னு ஒண்ணு வரும்."

"இருக்கு சார். ஆனா ஆகாது."

"பழைய வெர்ஷனா? அப்ப செட்டிங்ஸ் வழியா வாங்க." பாவம், அவர் பொறுமையாக ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எத்தனை படிதான் தலையாட்டுவது?

"சார், இது பேப்பர்" என்றேன்.

"என்னது?"

"பேப்பர் சார். பிரஸ்ல அடிச்சது. கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கேன்."

இரண்டு முகங்களும் கேமராவை நெருங்கி வந்தன. நான் எழுந்து போய் கிளிப்பை எடுத்தேன். ஒரு பக்கத்தை எடுத்ததுமே மறுபக்கமும் பிய்த்துக்கொண்டு, அலமாரி, பூந்தொட்டி, மரம் எல்லாம் பொத்தென்று தரையில் விழுந்தன. மடிப்பு பிரிந்து 'ஆடித் தள்ளுபடி' மேலே வந்து நின்றது.

பின்னால் அம்மா. அவள் இடத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இருமல் வெளியே வராமலிருக்க ஈரத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யோகேஸ்வரி மேடத்தின் முகம் மாறியது. "ரூம்ல வேற ஆள் இருக்காங்களா?"

போச்சு என்று நினைத்தேன். பதில் சொல்லிக் கொடுக்க ஆளை ஒளித்து வைத்திருக்கிறேன் என்றுதானே நினைப்பார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா துண்டை எடுத்துவிட்டு எழுந்து கும்பிட்டாள்.

"வணக்கம்மா. தப்பா நெனைச்சிராதீக. மழைன்னு ஃபாக்டரியில அனுப்பிட்டாக. வெளிய போக வழியில்ல. இந்தப் பிள்ளைக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நீங்க பேசுனதுல எனக்கு ஊரு பேரத் தவிர எதுவுமே வெளங்கல." அவ்வளவு நேரம் அடக்கிவைத்த இருமல் அத்தனையும் ஒன்றாக வந்தது.

இருமி முடித்த பிறகு மேடம், "தண்ணி குடிங்கம்மா முதல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ராஜபாண்டியன் சார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னால அது என்னம்மா, மழை ஈரமா?"

இத்தனை வருஷம் நான் மறைத்த இடம். இப்போது மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. "இல்ல சார். பட்டாசு மருந்து. எங்க அம்மா சாயுற இடம்" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. இதற்காகவா இத்தனை பாடு என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அவர் தரையில் கிடந்த தாளைப் பார்த்தார். "எதுக்கும்மா பேப்பர்? பிளர் பண்ணியிருக்கலாமே?"

எனக்கு அடக்கிவைத்திருந்த கோபம் எல்லாம் வந்துவிட்டது. "பழைய லேப்டாப் சார். அந்த வசதி இதுல வராது. உதவி கேட்டா, புதுசு வாங்குங்கன்னு பதில் போட்டுட்டு ஒரு சிரிப்பு மூஞ்சியும் போடுறாங்க."

"சரி, இதையே கேக்குறேன். மல்லாங்கிணறுல ஒரு மளிகைக் கடைக்காரர். பழைய கம்ப்யூட்டர். நாங்க புதுசாக் குடுத்த வசதி அதுல ஓடல. உங்களுக்குப் போன் போட்டுத் திட்டுறாரு. என்ன சொல்வீங்க?"

"திட்டி முடிக்கட்டும்னு இருப்பேன் சார். திட்ட வேண்டியதுதான். அப்புறம், அந்த வசதிய வச்சு என்ன வேலை முடியணும்னு கேப்பேன். அந்த வேலை முடிய, அவர்கிட்ட இருக்கிறத வச்சே ஏதாவது வழி இருக்கும். பேப்பர்ல அடிச்சுத் தொங்கவிடுறதா இருந்தாலும் சரி."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டெஸ்ட்டை எழுதினேன். ஓங்கிக் குத்திக் குத்தி எழுதியதில் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அம்மா பின்னாலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போய்விடக்கூடாதே என்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மழை விடும்வரை கரண்ட் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மேடமே போனில் கூப்பிட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்னதும் அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, "அப்பாடா" என்றாள். மாமாவுக்குப் போன் போட்டேன். "எல்லாம் எங்க பிரிண்டிங் ராசி" என்று அவர் பங்குக்குச் சொல்லிக்கொண்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனியிலிருந்து புது லேப்டாப் வந்தது. திறப்பதற்குள் தயாராகிவிடுகிறது. எந்த எழுத்தையும் குத்த வேண்டியதில்லை. முதல் நாள் காலை மீட்டிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மங்கலாக்கும் பட்டனை ஆசை தீர அமுக்கினேன். பட்டென்று வேலை செய்தது. அடுப்பு, கொடி, துணி, சுவர் எல்லாம் பனியாகக் கரைந்தன. அன்று ஃபாக்டரி லீவு. அம்மா சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்தேன். அவளும் இல்லை. சுவரோடு சேர்த்து அவளையும் கரைத்திருந்தது. அம்மா இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. அமுக்கின கையோடு ஆஃப் பண்ணினேன். அம்மா திரும்ப வந்தாள்.

"என்ன புள்ள, புதுசுலயாவது அந்த மறைக்கிற சமாச்சாரம் வேலை செய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரோடு எழுந்தாள். "இல்லைன்னா சொல்லு, நான் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமிகிட்ட போய் இருந்துக்கிடுதேன்."

"இல்லம்மா. இதுலயும் வேலை செய்யல. ஆனா நீ எங்கயும் போக வேண்டாம், அங்கனயே இரு."

"இம்புட்டுப் பெரிய கம்பெனி, ஒரு உருப்படியான மிஷினு குடுக்கக் கூடாதா?" என்று அலுத்துக்கொண்டாள். மீட்டிங் மணி அடித்தது.

"எடுத்துராத, இரு" என்றாள் அம்மா. "தலையாவது சீவிட்டு வாரேன்."