பங்கேற்பாளரின் பிரதி

சம்மதப் படிவத்தின் கடைசி வரியைச் சேர்த்தது சித்ராதேவிதான்: 'இதன் பிரதி ஒன்று பங்கேற்பாளருக்கு வழங்கப்படும்.'

கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு அவள் செயலாளர். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வும் அந்தக் குழு அனுமதிக்காமல் தொடங்க முடியாது. 2006இல் டாக்டர் ரத்தினசாமி ஓர் ஆய்வுடன் வந்தார். முதலிபாளையம் பக்கத்து நூற்பாலையில் வேலை செய்யும் பெண்களின் நுரையீரலைப் பஞ்சுத்தூசி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆலைக்குத் தெரியாமல், வெளியே ஒரு கூடத்தில் சோதனை. ஒரு குழாயில் ஊத வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தப் புள்ளைங்க காயிதத்தை வெச்சுட்டு என்னங்க பண்ணப் போறாங்க?" என்றார்.

"விதி இருக்குதுங்க சார்." அவர் சேர்த்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து வந்த அறிக்கையில், 'பங்கேற்பாளர் 43 விலகினார். வேலையை விட்டுவிட்டார்' என்று இருந்தது. விலகியவர்களை விசாரிப்பதும் அவள் பொறுப்பு.

நாற்பத்து மூன்றாவது ஆள் நதியா, பத்தொன்பது வயது. விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அனுப்பர்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் அம்மா ராமுத்தாயுடன் இருந்தாள். இப்போது எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. புருவம் வரை கரி.

"நான் எங்கக்கா விட்டேன்? அனுப்பிட்டாங்க."

அவள் முன்பு தங்கியிருந்த ஆலை விடுதியில் வாரம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள், யாரும் செல்போன் வைத்திருக்கிறார்களா என்று. நதியாவின் பெட்டியில், துணிகளுக்கு அடியில், பாலிதீன் உறைக்குள் அந்தப் படிவத்தின் பிரதி இருந்தது. மேனேஜர் பேசியதை அவள் குரலை மாற்றிப் பேசிக் காட்டினாள்.

"'ஏங்கண்ணு, நம்ம மில்லுல தூசின்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியே, நல்லாருக்குதா?' அப்படின்னுட்டு, 'போய்ட்டு வா சாமி'ன்னு அவரே கேட்டைத் திறந்துவிட்டாரு. என்னா மரியாதைங்கிறீங்க!"

சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்தது. அது அடங்க நேரமாயிற்று. பக்கத்து ஆலைகளுக்கும் சொல்லிவிட்டார்களாம். எங்கேயும் எடுக்கவில்லை.

"மத்த புள்ளைக வாசல்லயே கசக்கிப் போட்டுட்டுப் போயிருச்சுக," என்றாள் ராமுத்தாய். "இவ மட்டும் பூட்டி வச்சிருக்கா, கோட்டிக்காரி."

"ஏம்மா வெச்சிருந்தே?" என்று கேட்டாள் சித்ராதேவி.

நதியா பாவாடையில் கையைத் துடைத்தாள். "உங்களுக்குச் சம்மதமான்னு அதுல கேட்டிருந்துச்சுக்கா. மில்லுல சேக்கையில அப்பாதான் கையெழுத்துப் போட்டாரு. கல்யாணம் பேசினப்பவும் யாரும் கேக்கல."

பிரதி கொடுக்கச் சொன்னது தான்தான் என்று சித்ராதேவி சொன்னாள்.

"நல்லதுக்குத்தான தாயி செஞ்சீக," என்றாள் ராமுத்தாய். திட்டியிருக்கலாம் என்று இருந்தது சித்ராதேவிக்கு. "நீங்க போயி ஒரு வார்த்த சொன்னா மறுபடி எடுத்துக்கிட மாட்டாகளா? இந்தப் பட்டறைத் தூசிய இவ மூச்சு தாங்காது தாயி."

சித்ராதேவி ஆலைக்குப் போய்ப் பேசினால், குழாயில் ஊதிய மற்ற அறுபது பேரும் யார் யார் என்று தேடத் தொடங்குவார்கள்.

அவள் முகத்தைப் பார்த்து நதியாவே சொன்னாள். "விடும்மா. மத்தவளுகளும் மாட்டுவாளுக." பிறகு சித்ராதேவியிடம், "உங்க மீட்டிங்ல சொல்லுங்கக்கா. நதியான்னு பேரச் சொல்லியே சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் சித்ராதேவி நடந்ததைச் சொன்னாள்; விதி மாறியது. இத்தகைய ஆய்வுகளில் வாய்மொழிச் சம்மதம் போதும், பிரதி வேண்டாம். முடிவெடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது, பொதுமக்கள் சார்பில் குழுவில் இருந்த விவசாயி கிட்டுசாமி மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"பாவமுங்க. அந்தப் புள்ள பேரு என்னங்க?"

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. எந்தக் கூட்டத்திலும் பங்கேற்பாளரின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதியையும் எழுதியது அவள்தான்.

"நாப்பத்தி மூணுங்க," என்றாள்.