தெருவைத் தாண்டினால் பிரேசில்

எல்லை ஊரான ரிவேராவிலிருந்து வெளிநாடு போக விமானம் வேண்டாம்; தெருவைத் தாண்டினால் பிரேசில். ஆனால் மாட்டின் காதில் மாட்டும் வில்லையை வைத்தே அதன் காய்ச்சலை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருளை அந்தத் தெருவைத் தாண்ட வைக்க மைதேயும் கூட்டாளி வாஷிங்டனும் இரண்டு வருடமாக அலைகிறார்கள். இப்போது அந்தப் பக்கத்து விநியோகஸ்தர் செல்ஸோ தானாகவே வந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேரம் பேசாத வியாபாரியை மைதே நம்புவதில்லை.

"இவர் அடெமிர்," என்று கூட வந்தவரைக் காட்டினார் செல்ஸோ. "நாலாயிரம் மாடு. மூணு தலைமுறையா பண்ணைதான்."

அடெமிர் புதுத் தொப்பியைச் சரிசெய்தார். "விலையெல்லாம் பிரச்சினையில்ல மேடம். உள்ள எப்படிக் கணக்குப் போடுதுன்னு பாத்துட்டா இன்னிக்கே கையெழுத்து."

அந்தக் கணக்கு ஒன்றுதான் அவர்களுடைய மொத்தச் சொத்து. ஒருமுறை பார்த்தவன் வீட்டுக்குப் போய் அதேபோல் சமைத்துவிடலாம். வாஷிங்டனோ மடிக்கணினியைத் திறந்தேவிட்டான்.

"இரு, மாத்தே ஒரு சுத்து வரட்டும்," என்றாள் மைதே. மாத்தே இலை நிரம்பிய குடுவையில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலோடு நீட்டினாள். அடெமிர் வாங்கினார். உறிஞ்சுகுழலைப் பிடித்து, காப்பியில் சர்க்கரை கலக்குவதுபோல் நன்றாகச் சுற்றினார்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, சின்னப் பிள்ளைகூட அதைச் செய்யாது. இலை கலைந்து குழல் அடைத்துக்கொள்ளும். செல்ஸோ சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மைதே வாஷிங்டனின் காதருகே குனிந்தாள். "இவன் பண்ணைக்காரன் இல்லடா. செல்ஸோ ஆபீஸ் இஞ்சினியர். கணக்கைத் திருட வந்திருக்கான்."

"குடிக்கத் தெரியலன்னு பிரேசில் வியாபாரத்தையே விடச் சொல்றியா? நெஜமாவே பண்ணைக்காரனா இருந்தா?"

"இருந்தா மாடு இருக்கும்ல."

நிமிர்ந்து சிரித்தாள். "வண்டி வாசல்லயே நிக்குது. இப்பவே உங்க பண்ணைக்குப் போயி பத்து மாட்டுக்கு வில்லை மாட்டிடுவோம். கண்ணால பாத்தப்புறம் கணக்கு."

"இன்னிக்கா?" என்றார் அடெமிர்.

"மாடு வெளியூர் போயிருக்கா?"

"அதில்ல... பண்ணை ரொம்ப தூரம்."

"எவ்வளவு தூரம்?"

"எண்பது கிலோமீட்டர்," என்றார் அடெமிர்.

"முந்நூறு," என்றார் செல்ஸோ, அதே நேரத்தில்.

வாஷிங்டன் மடிக்கணினியை மெதுவாக மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான்.